மா. கிருஷ்ணனும் எங்கள் ஊர் மான்களும்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவின்போது நம் மன்றத்தார் நடத்திய நிழற்படக் காட்சியைக் கண்ட அன்பர்களுக்கு, வாயிலுக்கு வலப்புறம் தொங்கிய வெளிமான் படம் நினைவிருக்கலாம். அது நான் எடுத்தது. அதற்கு ஒரு பக்கத்தில் தூத்துக்குடி நண்பர் ஒருவர் எடுத்த துறைமுகக் காட்சிகள். தோணியில் மூட்டை ஏற்றுவோரும், நிழலில் அமர்ந்து வலை பழுது பார்க்கும் முதியவரும் அவற்றில் இருந்தனர். மற்றொரு பக்கத்தில் விடுதிச் சமையற்கட்டு, மழையில் நனைந்த மிதிவண்டிகள், பூக்கட்டும் அம்மையார் என அன்றாட வாழ்க்கைப் படங்கள். எங்களில் ஒருவரும் தொழில்முறைப் படக்காரர் அல்லர். கைச்செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்துப் பழைய காமிரா வாங்கியவர்கள் சிலர். கைப்பேசியே காமிராவாகக் கொண்டவர்கள் பலர்.

என் படத்தின் கீழே, பெருமை தாங்காமல், இடத்தையும் எழுதி வைத்தேன். கோலார் தங்கவயல் என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். நானோ எந்த மேட்டுக்குக் கிழக்கே, எந்த ஓடைக்கு அருகே, காலையில் எத்தனை மணிக்கு என்பது வரை எழுதினேன். படத்தைப் பார்த்தவர்கள் அதைக் கைப்பேசியில் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

மூன்று வாரம் சென்றபின் ஊரிலிருந்து என் சித்தப்பா தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து, மந்தையைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தார்களாம். ஓட்டத்தில் ஒரு குட்டி முள்வேலியில் மாட்டிக் கால் ஒடிந்து, அன்று மாலையே இறந்து போயிற்றாம். வந்தவர்கள் யார் என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்கு வழி சொன்னவன் யார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அதன்பின் சில மாதம் நான் காமிராவைத் தொடவில்லை. அப்போதுதான் மா. கிருஷ்ணன் எனக்கு அறிமுகமானார். அதுவும் நேராக அன்று, சுற்று வழியாக. தாவரவியல் முதுகலை மாணவனாகிய நான், நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் பேராசிரியர் ஃபைசன் எழுதிய பழைய நூலைத் தேடி நூலகத்துக்குப் போனேன். அந்த ஃபைசன் யாருக்கெல்லாம் ஆசிரியராக இருந்தார் என்று தேடியபோது அகப்பட்ட பெயர் கிருஷ்ணன். காட்டுயிர்ப் படக்காரர்களில் இந்தியாவே அறிந்த ஒருவர் தமிழர் என்பதும், அவர் தமிழிலும் எழுதியவர் என்பதும், அதுவரை எனக்குத் தெரியாதிருந்தது வெட்கத்துக்குரியதே.

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டு மக்களில் கடைசிப் பிள்ளை. தந்தையார் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. தமிழ் மாணவராகிய நாம் இவரைப் பற்றி ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

குடும்பம் மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்றைய மயிலாப்பூரை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய மயிலாப்பூரை எண்ணிப் பார்ப்பது கடினம். அங்கே புதர்க்காடு இருந்தது, நரி இருந்தது, பறவைகள் எண்ணிறந்தன, வெளிமானும் இருந்தது. ஆம், எங்கள் ஊரில் இன்று மேயும் அதே வெளிமான்தான். வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்துக்கொண்டு, வெளியே இவற்றைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த சிறுவனுக்கு, காடு என்பது எங்கோ தொலைவில் இருக்கும் பொருளாகத் தோன்றியிருக்காது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் ஃபைசன். பேராசிரியர் மாணவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துப் போய்ச் செடிகளைக் காட்டினார். பேராசிரியரின் மனைவியார் நீர்வண்ண ஓவியம் தீட்டக் கற்றுக் கொடுத்தார். இவ்வளவு நல்ல ஆசிரியர் வாய்த்தும் கிருஷ்ணன் தேர்வில் பெரிதாக மின்னவில்லை. தேர்வு நெருங்கும் இவ்வேளையில் இதைச் சொல்வது பொருத்தமன்று என்று நம் பேராசிரியர்கள் கருதக்கூடும். உண்மையை என்ன செய்வது? பட்டம் பெற்றும் நல்ல வேலை கிட்டவில்லை. கட்டுரை எழுதியும், பத்திரிகைகளுக்குக் கேலிச் சித்திரம் வரைந்தும் சில ஆண்டு காலம் தள்ளினார்.

1942-இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் என்று ஒருவரே பல வேடம் தாங்கினார். சண்டூரும் எங்கள் தங்கவயலைப் போலவே கன்னட நாட்டுச் சுரங்க ஊர்தான். அங்கே மலையைக் குடைந்து எடுப்பது மாங்கனீசும் இரும்பும். அந்த மலைகளில் கிருஷ்ணன் திரிந்த திரிச்சலே அவருடைய உண்மையான பல்கலைக்கழகம் என்பேன். ஆடு மேய்த்துப் பார்த்தார். தூதுப் புறாக்களை வளர்த்தார். அந்தச் சமஸ்தானத்து இளவரசர் எம். ஒய். கோர்ப்படே பிற்காலத்தில் கர்நாடக நிதியமைச்சரானார். கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்ப் படம் எடுப்பதிலும் புகழ் பெற்றார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் யாரிடமும் வேலைக்குப் போகவில்லை. எழுத்தும் படமுமே பிழைப்பு. அந்நாளில் காட்டையும் பறவையையும் எழுதிக் குடும்பம் நடத்துவது என்றால் பிறர் சிரித்திருப்பார்கள். 1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 'கண்ட்ரி நோட்புக்' என்ற தலைப்பில் இரு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். 1996-இல் இறக்கும் வரை, 46 ஆண்டுகள், அது நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரம் கட்டுரைக்குக் குறையாது. நம் ஆய்வக ஏட்டையே நான் வாரந்தவறாமல் எழுதியதில்லை.

அக்கட்டுரைகளில் யானையும் புலியும் மட்டும் இல்லை. காகம், மைனா, அணில், சுவர்ப் பல்லி, தெருவில் போகும் எருமை என எல்லாம் உண்டு. 1961-இல் வந்த அவருடைய நூலொன்றின் பெயரே 'ஜங்கிள் அண்டு பேக்யார்டு'. காட்டையும் வீட்டுக் கொல்லையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பொங்கல் காட்சியில் மானும் துறைமுகமும் பூக்கட்டும் அம்மையாரும் ஒரே சுவரில் தொங்கியதைக் கண்டு, இவற்றுக்குள் என்ன உறவு என்று சிலர் கேட்டார்கள். கிருஷ்ணனைப் படித்திருந்தால் அன்றே விடை சொல்லியிருப்பேன். தமிழிலும் அவர் சளைக்காமல் எழுதினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் அவர் கட்டுரைகள் உள்ளன. வேடந்தாங்கலைப் பற்றித் தனி நூல் உண்டு. இவற்றுக்கு நடுவே 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார் என்பதை அறிந்து நான் அசந்து போனேன்.

இனி, அவருடைய படங்கள். கடைசி வரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்றாகப் பூட்டித் தாமே ஆக்கிக்கொண்ட ஒரு பெரிய காமிராவை வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தே காட்டுக்குள் போவார். முதுமலை போன்ற காடுகளில் பழக்கிய யானையின் மேலிருந்தும் எடுப்பார். அவர் படங்களில் சிலவற்றைப் பார்த்தால், முதற் பார்வையில் அழகு குறைவு என்று கூடச் சொல்லத் தோன்றும். வானத்துச் சிவப்பு இல்லை, பளபளப்பு இல்லை. சற்று நேரம் பார்த்தால் தெரியும்: யானை எப்படி நிற்கிறது, எந்தப் புல்லைத் தின்கிறது, குட்டி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். விலங்கு தன் போக்கில் இருக்கிறது. என் பொங்கல் படத்தில் இருந்த மானோ கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தது. எல்லாரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். அது அஞ்சிய பார்வை என்பதை நான் இப்போதுதான் உணர்கிறேன்.

1968-இல் ஜவகர்லால் நேரு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய விலங்குகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக வந்தது. பத்மஸ்ரீ விருது வந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் பல்லாண்டு உறுப்பினராக இருந்தார். வெளிநாட்டு மரங்களைக் கொண்டு வந்து நம் மண்ணில் நடுவதை அவர் விடாது எதிர்த்தார். கோலார் மாவட்டம் முழுதும் தைல மரம் நிற்கும் நிற்பைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார் என்று தாவரவியல் மாணவன் என்ற முறையில் அடிக்கடி எண்ணுவேன்.

எனினும், இவை எல்லாவற்றையும் விட என்னைத் தொட்டது கோடியக்கரைச் செய்திதான். கடல் சூழ்ந்த அந்த மூலையில் வெளிமான்கள் மந்தையாக மேய்வதை அவர் கண்டார். சிறுவயதில் மயிலாப்பூரில் கண்ட மான் அங்கே அற்றுப் போயிருந்தது. மற்ற இடங்களிலும் அருகி வந்தது. தென்னாட்டில் வெளிமான் ஓரளவு பெருந்தொகையாக இயற்கையில் வாழும் கடைசி இடம் இதுவே என்பதை 1962-இல் அவர் கண்டுணர்ந்து, இதைச் சரணாலயமாக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். 1967-இல் சுமார் 17 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் கோடியக்கரைச் சரணாலயம் அமைந்தது. ஐந்தாண்டு பிடித்தது.

நானும் இடத்தைச் சொன்னேன். அவரும் இடத்தைச் சொன்னார். அவர் சொன்ன இடத்தில் மான் பிழைத்தது. இந்த வேறுபாட்டை எண்ணி எண்ணி இரவில் தூக்கம் கெட்டிருக்கிறேன். காக்கும் அதிகாரம் உடையவர்களிடம் அவர் சொன்னார். நானோ பார்த்து வியப்பவர்களிடம் சொன்னேன்.

தங்கவயலை அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலைத் தொடங்கியதிலிருந்து, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே குடியேறினார்கள். என் பாட்டனாரும் அவ்வாறு வந்தவரே. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கடியில் உழைத்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் மலைமலையாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். ஆள் நடமாட்டம் குறைந்த அந்த நிலங்களில் முட்புதரும் புல்லும் வளர்ந்தன. அங்கேதான் மான் மேய்கிறது. மனிதன் தோண்டிக் கைவிட்ட இடத்தில் மான் வாழ்கிறது என்பது விந்தையே.

அதே நிலத்தில் தொழிற்பூங்கா வரும் என்று சில ஆண்டுகளாகப் பேச்சு அடிபடுகிறது. இதில் நான் எளிதாக ஒரு பக்கம் சாய முடியாது. என் தந்தையார் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகிறார். ஊரில் பாதிப்பேர் வாழ்க்கை இப்படித்தான். ஊரிலேயே வேலை வந்தால் அவர் பகல் வெளிச்சத்தில் தம் வீட்டைப் பார்ப்பார். மானைக் காட்டி அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. மானே இல்லை என்று எண்ணி யாரோ வரைபடம் போடுவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்பதாவது முடிவெடுப்போர்க்குத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

ஆகவே இவ்வாண்டு தொடக்கம் முதல், ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். நாள், நேரம், ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை, என்ன புல் என்று குறிக்கிறேன். படம் தொலைவிலிருந்து எடுக்கிறேன். மான் புள்ளியாகத்தான் தெரிகிறது. கறுத்த முதுகும் முறுக்கிய கொம்பும் உள்ள கிடாயை மட்டும் அடையாளம் காணலாம். தூத்துக்குடி நண்பர் இவற்றைப் பார்த்துவிட்டு, இதை எவன் சுவரில் மாட்டுவான் என்று சிரித்தார். மாட்டுவதற்கு அன்று. நோட்டும் படங்களும் ஓராண்டு நிறைந்ததும் ஒரு பிரதி வனத்துறை அலுவலகத்துக்குப் போகும்.

வரும் பொங்கல் காட்சிக்கும் படம் தருவதாக மன்றச் செயலரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாரிக்குப்பத்தில் விடியற்காலை முதல் வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டம். அதில் என் தந்தையாரும் இருக்கிறார். அதன் கீழே இடத்தையும் நேரத்தையும் முழுதாக எழுதப் போகிறேன்.