கண்ணாடியில் நிலைத்த பெயர்: ஜோன் லண்டிஸ் மேசன்

மன்னர்களின் பெயர்கள் கல்வெட்டுகளில் வாழ்கின்றன. புலவர்களின் பெயர்கள் ஏடுகளில் வாழ்கின்றன. சாதாரண தகரத் தொழிலாளி ஒருவரின் பெயர் சமையலறைப் போத்தலில் வாழ்கிறது என்றால் நம்ப முடிகிறதா? அமெரிக்காவில் பழமும் காய்கறியும் ஊறுகாயும் அடைத்துவைக்கும் கண்ணாடிப் போத்தலை இன்றும் மேசன் போத்தல் என்றே அழைக்கிறார்கள். பொருளின் பெயராகவே மாறிவிட்டதால், அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் நினைப்பதே இல்லை. அந்த மனிதர்தான் ஜோன் லண்டிஸ் மேசன்.

பழைய கண்ணாடிப் போத்தல்களைச் சேர்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அச்சாறு போட்ட போத்தல், ஜேம் போத்தல், மூத்தம்மா தேசிக்காய் ஊறுகாய் வைத்திருந்த அகன்ற வாய்ப் போத்தல் என்று எதையும் எறிய மனம் வராது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த ஒரு போத்தல் அவற்றுள் தனியானது. இளநீலமும் பச்சையும் கலந்த நிறம். அதன் வயிற்றில் மேசனின் பெயரும் 1858 நவம்பர் 30 என்ற திகதியும் புடைப்பெழுத்தில் இருக்கின்றன. அந்தத் திகதியில் என்ன நடந்தது என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன். கிடைத்தது ஒரு வாழ்க்கை வரலாறு. அதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மேசனின் பெருமையை உணர, அவருக்கு முன்னர் நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். உணவைப் போத்தலில் அடைத்துச் சூடாக்கினால் அது நாட்பட இருக்கும் என்று உலகுக்குக் காட்டியவர் நிக்கொலா அப்பேர் என்ற பிரெஞ்சு இனிப்புத் தயாரிப்பாளர். நீண்ட காலம் பரிசோதனை செய்து, 1810இல் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங் பரிசும் பெற்றார். கிருமிகளே உணவைக் கெடுக்கின்றன என்பதை லூயி பாஸ்டர் விளக்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அனுபவத்தால் மட்டும் அப்பேர் இந்த வழியைக் கண்டுகொண்டார். ஆனால் அவருடைய போத்தல்கள் தக்கையால் அடைக்கப்பட்டவை. பின்னர் தகரப் பேணிகள் வந்தன. அவற்றின் மூடியை ஈயத்தால் ஒட்டவேண்டும், திறப்பதற்கோ வெட்டவேண்டும். வீட்டுப் பெண்கள் தக்கையையும் உருக்கிய மெழுகையும் நம்பியிருந்தார்கள். மெழுகில் சிறு வெடிப்பு விழுந்தாலும் ஒரு கோடைகால உழைப்பு முழுவதும் புளித்துப்போகும். கைப்பிடியில் இறுகி மூடவும், வேண்டும்போது எளிதில் திறக்கவும், மறுபடியும் பயன்படுத்தவும் கூடிய மூடி எவரிடமும் இருக்கவில்லை.

மேசன் 1832ஆம் ஆண்டளவில் பிறந்தார். தகரத்தை வெட்டி, வளைத்து, ஒட்டிப் பாத்திரம் செய்வது அவருடைய தொழில். ஒரு மூடி ஏன் ஒழுகுகிறது என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விடயமல்ல. கைவிரலுக்குத் தெரிந்த விடயம்.

திருகுமூடி என்ற எண்ணம் அவருக்கு முன்பும் சிலருக்கு வந்திருந்தது. குறை எங்கே இருந்தது என்றால் கண்ணாடியில்தான். அக்காலத்தில் குழாயால் ஊதி, அச்சில் விட்டுப் போத்தல் செய்தார்கள். ஊதிய குழாயிலிருந்து போத்தலைப் பிரித்தெடுக்கும்போது வாயின் விளிம்பு ஒழுங்கற்றுப் போகும். திருகுவரி அந்த விளிம்புவரை சென்றால் மூடி நேராகப் பொருந்தாது. மேசன் செய்த மாற்றம் சிறியது, ஆனால் நுட்பமானது. திருகுவரி விளிம்பை எட்டுமுன்பே மெல்ல மறைந்துபோகும்படி அவர் அமைத்தார். மூடியின் அடிவிளிம்பு போத்தலின் தோளில் போய் இறுக்கமாக அமர்ந்தது. இடையில் ஓர் இரப்பர் வளையம் வைத்துத் திருகினால் காற்றுப் புக வழியில்லை. வாய் கரடுமுரடாக இருந்தாலும் கவலையில்லை. இதற்கான காப்புரிமை, 22,186 என்ற இலக்கத்தில், 1858 நவம்பர் 30ஆம் திகதி அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு அளவில்தான்.

அந்த வயதில் அப்படியொரு வெற்றி! இனி அவர் செல்வந்தராகியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு.

மேசன் தமது ஆரம்பகால உரிமைகளில் சிலவற்றை விரைவிலேயே பிறருக்கு விற்றுவிட்டார். அவற்றை வாங்கியவர்களில் ஒருவர் லூயிஸ் பொய்ட். மூடி நாகத்தால் ஆனது. புளிப்பான உணவு அதில் பட்டால் உலோகச் சுவை ஏறும். 1869இல் மூடியின் உட்புறத்துக்கு வெண்ணிறக் கண்ணாடித் தட்டு ஒன்றை அமைத்து, அந்தக் குறையை நீக்கியவர் பொய்ட். அதற்குப் பின்னரே மேசன் போத்தல் வீட்டுப் பாவனைக்கு முழுமையாகப் பொருத்தமானது.

போத்தலில் தாம் செய்த இன்னொரு திருத்தத்துக்கு மேசன் 1868இல் விண்ணப்பித்தார். 1870இல் உரிமையும் கிடைத்தது. ஆனால் அந்தத் திருத்தத்தை அவர் 1859இலேயே செய்து முடித்திருந்தார். அப்போது ஏறத்தாழ இரண்டு டசின் போத்தல்களைச் செய்வித்து, சிலவற்றை இனாமாகக் கொடுத்தார், சிலவற்றை விற்றார். இந்த உரிமையைப் பின்னர் பெற்றுக்கொண்ட கம்பனியொன்று தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1876இல் தீர்ப்பு வந்தது. விண்ணப்பிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொருள் விற்பனைக்கு வந்துவிட்டால், அதை மீண்டும் தனியுரிமையாக்க முடியாது என்பதே சட்டம். கையிலிருந்து போன அந்தச் சில போத்தல்களே உரிமைக்கு எதிரான சாட்சிகளாகின. உரிமை செல்லாது என்று முடிவாயிற்று.

1858ஆம் ஆண்டு உரிமையும் 1879இல் காலாவதியாயிற்று. அதன்பின் யாரும் இந்தப் போத்தலைச் செய்யலாம் என்ற நிலை வந்தது. 1880களில் போல் என்ற குடும்பத்தின் சகோதரர் ஐவர் கண்ணாடிப் போத்தல் தொழிலில் இறங்கினர். எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகருக்குத் தொழிற்சாலையை மாற்றினர். அவர்களுடைய செல்வம் பெருகியது. இன்று அந்நகரிலுள்ள பல்கலைக்கழகம் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேசனோ 1902இல் நியூயோர்க் நகரில் ஏழையாக இறந்தார். அவர் கண்கள் மூடிய அந்த ஆண்டிலும் தொழிற்சாலைகள் பலவற்றின் அச்சுகளில் அவருடைய பெயரும் அந்தத் திகதியும் பொறிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அந்த எழுத்துகளைத் தரத்தின் அடையாளமாக மக்கள் நம்பியதால், அவற்றை நீக்க எவரும் துணியவில்லை. பெயர் பிறருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. பெயருக்குரியவருக்கு ஒன்றும் சேரவில்லை.

ஆனாலும் அவருடைய கைவேலை எத்தனை வீடுகளைக் காத்தது! பனிக்காலத்தில் வயல்களில் ஒன்றும் விளையாத நாடு அது. கோடையில் மலிந்து கிடக்கும் பீச், தக்காளி, அவரை, வெள்ளரி எல்லாவற்றையும் குடும்பப் பெண்கள் போத்தல்களில் அடைத்துக் கொதிநீரில் இட்டு, நிலவறைத் தட்டுகளில் வரிசையாக அடுக்கினார்கள். கண்ணாடியானதால் உள்ளே இருப்பது பழுதா, நலமா என்று கண்ணாலேயே பார்க்கலாம். உணவு தீர்ந்தால் கழுவிவைத்து அடுத்த ஆண்டும் நிரப்பலாம். தகரப் பேணிக்கு இந்த இரண்டு குணங்களும் இல்லை.

இப்போது அந்தப் பழைய போத்தல்களைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கற்கும் பாடம், புடைப்பெழுத்திலுள்ள திகதி போத்தல் பிறந்த நாள் அல்ல, காப்புரிமையின் நாள் என்பதே. வயதை அறிய வேறு அடையாளங்கள் உண்டு. வாயின் விளிம்பு தேய்த்துச் சமப்படுத்தியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் அது கையால் ஊதிய காலத்தது. வழுவழுப்பாக உருண்டிருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் இயந்திரத்தில் செய்தது. கண்ணாடிக்குள் சிறு குமிழிகள் இருப்பதும் பழமையைக் காட்டும். நீலப்பச்சை நிறம் மணலிலுள்ள இரும்பினால் வருவது. மங்கனீசு கலந்த தெளிந்த கண்ணாடி, நெடுங்காலம் வெயில் பட்டால் மெல்லிய ஊதா நிறம் பெறும். பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்யப்பட்டவையும் சந்தையில் உள்ளதால், எழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது நல்லதல்ல.

பழைய போத்தலை வீட்டில் எப்படிப் பயன்படுத்தலாம்? பருப்பு, தேயிலை, கறுவாப்பட்டை, கொறுக்காய் போன்ற உலர்ந்த பொருள்களுக்கு அது மிகவும் ஏற்றது. கறித்தூள் வைப்பதானால் வெயில் படாத அலுமாரிக்குள் வைக்கவேண்டும்; இல்லாவிட்டால் நிறமும் மணமும் குறையும். என்னுடைய போத்தல்களில் ஒன்றில் பொத்தான்களும் நூற்கட்டைகளும் இருக்கின்றன. இன்னொன்றில் பேனைகள். யன்னலோரத்தில் ஒன்றில் மணிப்பிளான்ட் கொடி நீரில் வேர்விட்டு நிற்கிறது. அதன் நீரை வாரம் ஒருமுறை மாற்றிவிடுவேன். இல்லையேல் பாசியும் நுளம்பும் வந்துவிடும். மாமா தந்த போத்தலில் சில்லறைக் காசு சேர்க்கிறேன்.

செய்யக்கூடாதவையும் உண்டு. நூறு வயதுக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கலாம். அதில் கொதிநீர் ஊற்றுவதோ, உணவை அடைத்து அவிப்பதோ ஆபத்து. இளஞ்சூட்டு நீரில் கழுவினால் போதும். உட்தட்டு உடைந்த பழைய நாக மூடியை ஊறுகாய்க்கும் புளிப்பான பொருள்களுக்கும் பயன்படுத்தவே கூடாது. ஊறுகாய் போடப் புதிய போத்தல். அழகுக்கும் உலர்பொருளுக்கும் பழைய போத்தல். இதுவே நான் கடைப்பிடிக்கும் விதி.

மேசனின் வாழ்க்கையை வாசிப்போரில் சிலர் அவரை ஏமாளி என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. பொதுமக்கள் கைக்கு வந்துவிட்ட பொருளை ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கேட்கமுடியாது என்ற சட்டத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தால்தான் போத்தல் மலிவாகி ஏழைகளின் வீட்டுக்கும் சென்றது. ஆயினும், இத்தனை வீடுகளுக்கு உதவிய ஒருவர் முதுமையில் வறுமையில் வாடியதை நல்ல முடிவு என்றும் சொல்லமுடியாது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்கவேண்டும்.

தோழியரே, நம்மிடையேயும் கைத்திறன் உள்ளோர் பலர் இருக்கிறார்கள். புதிய தையல் வடிவம், புதிய சமையல் முறை, விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செய்த சிறு கருவி என்று எத்தனையோ எண்ணங்கள் நம் வகுப்பறைகளில் பிறக்கின்றன. அவற்றை ஒரு கொப்பியில் வரைந்து, திகதி இட்டு, ஆசிரியரிடம் காட்டிவையுங்கள். ஊருக்கெல்லாம் கொடுக்குமுன் உங்கள் உரிமையைக் கேட்டறியுங்கள். அறிவைப் பகிர்வதும் நல்லது. உழைப்பின் பயனைக் காத்துக்கொள்வதும் நல்லது. மேசனுக்கு முதலாவது வாய்த்தது, இரண்டாவது வாய்க்கவில்லை. நமக்கு இரண்டும் வாய்க்கட்டும்.