மாண்ட்ரியல் நகரைக் காப்பாற்றிய தாதி ஜீன் மான்ஸ்

கனடாவின் மாண்ட்ரியல் நகரை நிறுவியவர் யார் என்று கேட்டால், நெடுங்காலமாக ஒரே ஒரு பெயர்தான் பதிலாக வந்தது. பிரெஞ்சுப் படை அதிகாரி மெசொன்னவ். அவருடன் சேர்ந்து அங்கு குடியேறிய ஜீன் மான்ஸ் என்ற பெண்மணியை, அவ்வூரின் முதல் தாதியாக மட்டுமே பலர் அறிந்திருந்தனர். ஆனால் அவர் எடுத்த ஒரு துணிச்சலான முடிவுதான் அந்தக் குடியிருப்பை அழிவிலிருந்து மீட்டது.

ஜீன் மான்ஸ் 1606ஆம் ஆண்டு பிரான்சின் லாங்கர் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பெரிய குடும்பம். பெற்றோர் மறைந்தபின் தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் தோளிலும் விழுந்தது. போரும் கொள்ளைநோயும் அப்பகுதியை வாட்டிய காலம் அது. காயம்பட்டவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பணிவிடை செய்தே அவர் தாதிமைத் தொழிலைக் கற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை, கன்னியர் மடத்திலும் சேரவில்லை.

1640இல், கடல் கடந்த 'புதிய பிரான்ஸ்' பற்றிக் கேள்விப்பட்டு பாரிஸ் சென்றார். அங்கு திருமதி புல்லியோன் என்ற செல்வச் சீமாட்டி, புதிய குடியிருப்பில் மருத்துவமனை கட்டப் பணம் தர முன்வந்தார். தம் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது மட்டுமே அவரது நிபந்தனை. அந்த ரகசியத்தை ஜீன் மான்ஸ் பல ஆண்டுகள் காத்தார்.

1641 மே மாதம் லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஆகஸ்டில் கியூபெக் வந்து சேர்ந்தார். மாண்ட்ரியல் தீவுக்குப் போவது ஆபத்து என்று அங்கிருந்தோர் தடுத்துப் பார்த்தனர். குழுவினர் கேட்கவில்லை. பனிக்காலம் முடிந்ததும், 1642 மே 17ஆம் நாள் அத்தீவில் குடியிருப்பு தொடங்கியது. பழங்குடி மக்களைக் கிறிஸ்தவர்களாக்குவது அதன் நோக்கமாக இருந்தது.

இரோக்குவா மக்கள் அந்த அந்நியக் குடியேற்றத்தை ஏற்கவில்லை. தாக்குதல்கள் தொடர்ந்தன. 1645இல் எழுந்த 'ஒத்தேல் தியூ' மருத்துவமனையில், குடியேறிகள், பழங்குடியினர் என இரு தரப்பினருக்கும் ஜீன் மான்ஸ் சிகிச்சை அளித்தார். மருந்து, உணவு, கணக்கு வழக்கு என அனைத்தையும் அவரே கவனித்துக்கொண்டார்.

1651இல் நிலைமை மோசமானது. மருத்துவமனையை விட்டுக் கோட்டைக்குள் தஞ்சம் புகவேண்டி வந்தது. காவலுக்கு ஆட்கள் போதவில்லை. ஆள் சேர்க்கப் பணமும் இல்லை. ஜீன் மான்ஸின் பொறுப்பில் இருந்ததோ மருத்துவமனைக்கென ஒதுக்கப்பட்ட 22,000 லீவர். பணம் கொடுத்தவரைக் கேட்கலாம் என்றால், கடிதம் கடல் கடந்து போய்ப் பதில் வர மாதக்கணக்காகும்.

அவர் காத்திருக்கவில்லை. ஊரே இல்லாமல் போனால் மருத்துவமனை யாருக்கு என்று எண்ணி, அந்தப் பணத்தைப் படை திரட்டக் கொடுத்தார். அதற்கு ஈடாக மருத்துவமனைக்கு நிலம் எழுதி வாங்கிக்கொண்டார். நூறு பேராவது கிடைக்காவிட்டால் குடியிருப்பைக் கைவிடுவது என்ற முடிவோடு மெசொன்னவ் பிரான்ஸ் புறப்பட்டார். 1653இல் ஏறத்தாழ நூறு ஆண்களுடன் திரும்பினார். மாண்ட்ரியல் பிழைத்தது. பள்ளிக்கூடம் தொடங்கிய மார்கரெட் பூர்ஷ்வாவும் அதே கப்பலில்தான் வந்தார்.

ஆனால் அந்த முடிவு அவருக்குப் பின்னாளில் தலைவலியானது. மருத்துவமனைப் பணத்தை வேறு செலவுக்குக் கொடுத்தது சரியா என்று ஆயர் லாவால் கேள்வி எழுப்பினார். அந்த விவகாரம் முதுமையிலும் அவரைத் துரத்தியது.

1657இல் பனியில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. அப்போதும் அவர் ஓயவில்லை. மறுஆண்டு பிரான்ஸ் சென்று, 1659இல் மூன்று கன்னியர்களை மருத்துவமனைப் பணிக்கு அழைத்து வந்தார். திரும்பிய கப்பலில் தொற்றுநோய் பரவியது. அதையும் தாண்டி ஊர் வந்து சேர்ந்தார்.

1673 ஜூன் 18ஆம் நாள் ஜீன் மான்ஸ் காலமானார். கனடா தாதியர் சங்கத்தின் உயரிய விருது இன்று அவர் பெயரில் வழங்கப்படுகிறது. 2012இல் மாண்ட்ரியல் நகராட்சி, மெசொன்னவுக்கு நிகரான நகர நிறுவனராக அவரை முறைப்படி அறிவித்தது. அந்த இடம் அவருக்குக் கிடைக்க 370 ஆண்டுகள் ஆயின.