47 ஆண்டுகள் ஒரே மோட்டார் சைக்கிள்!

1967-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில், பான்வில் என்ற உப்பு வெளி.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரி வற்றியது. உப்பு மட்டும் மிஞ்சியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைவெளேர் என்று உப்புத் தரைதான். மேடு இல்லை, பள்ளம் இல்லை, மரம் இல்லை. ஆகவே, தங்கள் வண்டியின் வேகத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுவார்கள்.

அந்த ஆண்டு ஒரு கிழவரும் வந்திருந்தார். வயது 68. நெஞ்சு வலிக்காரர். அவர் கொண்டு வந்த மோட்டார் சைக்கிளும் கிழடுதான். அதற்கு வயது 47.

அந்தக் கிழட்டு வண்டி மணிக்கு 183 மைலுக்கு மேல் (295 கிலோ மீட்டர்) ஓடி, உலக சாதனை படைத்தது!

புதிதாகச் செய்யப்பட்டபோது மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடாத வண்டி அது. அதை இத்தனை வேகத்தில் ஓட வைத்தது எந்தத் தொழிற்சாலையும் அல்ல. அந்தக் கிழவரின் இரண்டு கைகளே!

அவர் பெயர் பர்ட் மன்ரோ.

விவசாயி மகன்

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர் இருக்கிறது. 1899-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி மன்ரோ அங்கே பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர் அவர். உடன் பிறந்த பெண் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது.

தகப்பனார் விவசாயி. பையன் வளர்ந்தது பண்ணையில். சிறு வயதிலேயே அவனுக்கு வேகத்தின் மீது ஆசை. பண்ணையில் இருந்த குதிரைகளில் எது வேகமாக ஓடுமோ, அதன் மீதுதான் ஏறுவான். தகப்பனார் கண்டித்தும் கேட்கவில்லை.

குதிரை மீது இருந்த ஆசை, பிறகு மோட்டார் சைக்கிள் மீது திரும்பியது.

1920-ம் ஆண்டில் வெளிவந்த இந்தியன் ஸ்கௌட் என்ற புத்தம் புதிய மோட்டார் சைக்கிளை மன்ரோ வாங்கினார். பெயர்தான் இந்தியன். நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் செய்யப்பட்ட வண்டி அது. அமெரிக்காவின் பழங்குடி மக்களைக் குறிக்கும் பெயர் அது.

அதன் பிறகு அந்த வண்டியை அவர் விடவே இல்லை.

பகலில் வேலை, இரவில் வண்டி

வாங்கிய வண்டியின் வேகம் மன்ரோவுக்குப் போதவில்லை. 1926-ம் ஆண்டு அதைப் பிரித்துப்போட்டு மாற்றி அமைக்கத் தொடங்கினார்.

கையில் பணம் கிடையாது. அவர் என்ஜினீயர் படிப்புப் படித்தவரும் அல்ல. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தார். பகல் எல்லாம் பிறர் வண்டி. இரவில் தம் வண்டி.

வேண்டிய உறுப்புகளை விலைக்கு வாங்க முடியாது. வாங்கப் பணம் இருந்தாலும், அவர் விரும்பிய அளவில் யாரும் செய்து விற்கவில்லை. ஆகவே தாமே செய்தார்.

எஞ்சினுக்குள் மேலும் கீழும் போய்வரும் உறுப்புக்குப் பிஸ்டன் என்று பெயர். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். மன்ரோ உலோகத்தை உருக்கி, பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து ஊற்றி, பிஸ்டன் வார்த்தார்.

பிஸ்டன் ஓடும் குழலுக்குச் சிலிண்டர் என்று பெயர். பழைய வார்ப்பிரும்புக் குழாயை வெட்டி, கடைந்து, சிலிண்டர் ஆக்கினார்.

காலால் மிதிக்கும் தையல் மெஷினில், மிதிபலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு ஒன்று இருக்கிறது அல்லவா? எஞ்சினிலும் பிஸ்டனையும் சுழலும் அச்சையும் இணைக்க அப்படி ஒரு தண்டு உண்டு. பழைய டிராக்டரின் அச்சு இரும்பை எடுத்து, கையாலேயே அரத்தால் ராவி, அந்தத் தண்டைச் செய்தார்.

மெல்லிய தகட்டின் கனத்தையும் அளக்க மைக்ரோமீட்டர் என்ற கருவி உண்டு. மன்ரோ அதற்குப் பதில் உபயோகித்தது என்ன தெரியுமா? சக்கரத்தின் பழைய போக்ஸ் கம்பி!

உடைந்தது... உடைந்தது...

எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவது எளிதான காரியம் அல்ல.

சிலிண்டரைப் பெரிதாக்கினால் அதிகப் பெட்ரோல் எரியும். பலம் கூடும். ஆனால், பிஸ்டன் அந்தச் சூட்டைத் தாங்காமல் உருகும். பிஸ்டனைப் பலப்படுத்தினால், இணைக்கும் தண்டு முறியும். தண்டைப் பலப்படுத்தினால், கிளச் வழுக்கும். ஒன்றைச் சரி செய்தால், அதற்கு அடுத்த பலவீனம் வெளியே வரும்.

மன்ரோவுக்கும் இதுதான் நடந்தது. வண்டியை ஓட்டுவார். எஞ்சின் வெடிக்கும். பிரித்துப் பார்ப்பார். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஆராய்வார். முன்னைவிட உறுதியாக வேறு ஒன்று செய்து மாட்டுவார். மறுபடியும் ஓட்டுவார். மறுபடியும் வெடிக்கும்.

உடைந்துபோன உறுப்புகளை அவர் தூக்கி எறியவில்லை. அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தார். வேகக் கடவுளுக்குத் தாம் செலுத்திய காணிக்கை என்று அதன் மீது எழுதியும் வைத்தார்.

முதலில் வண்டியின் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. பெட்ரோல் கலந்த காற்று வளைந்து நெளிந்து உள்ளே போகவேண்டி இருந்தது. மன்ரோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மாற்றினார். காற்றுக்கு நேர்வழி கிடைத்தது. வால்வுகளைத் திறந்து மூடும் காம்களை இரண்டில் இருந்து நான்கு ஆக்கினார்.

600 சி.சி. எஞ்சின், ஆண்டுகள் செல்லச் செல்ல 950 சி.சி. ஆயிற்று.

குடும்பம் பிரிந்தது

இதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சம் அல்ல.

மன்ரோவுக்கு மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்தார்கள். இரவு முழுவதும் எஞ்சினோடு கிடந்தவருக்கு இல்லற வாழ்க்கை நிலைக்கவில்லை. 1947-ம் ஆண்டு கணவனும் மனைவியும் விவாகரத்து செய்துகொண்டார்கள்.

அதன் பிறகு மன்ரோ வேலையையும் விட்டார். கார் நிறுத்தும் கொட்டகை போன்ற சிறிய கட்டிடம்தான் அவருக்கு வீடு. பட்டறையும் அதுவே, படுக்கை அறையும் அதுவே. இந்தியனோடு வெலோசெட் என்ற இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்றும் அங்கே இருந்தது. கண் விழித்தால் எதிரே எஞ்சின்.

உழைப்பு வீண் போகவில்லை. 1938-ம் ஆண்டு நியூசிலாந்தில் முதல் வேக சாதனையைப் படைத்தார். பிறகு அங்கேயே மேலும் ஏழு சாதனைகள் புரிந்தார். ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரேட்டி கடற்கரையின் கெட்டியான மணல்தான் அவருக்குச் சோதனைக் களம்.

கடல் கடந்தார்

கடற்கரை போதவில்லை. பான்வில் உப்பு வெளியில் ஓட்டவேண்டும் என்ற ஆசை பிறந்தது.

முதல் தடவை வேடிக்கை பார்க்க மட்டுமே போனார். அதையும் சேர்த்துப் பத்துத் தடவை பான்வில் போய் வந்தார்.

காற்றைக் கிழித்துச் செல்வதற்காக, வண்டியை மூடும் மீன் வடிவக் கூடு ஒன்றைக் கண்ணாடி இழையால் தம் கையாலேயே செய்தார். அதற்குள் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வண்டியை ஓட்ட வேண்டும்.

அங்கே ஒரு தடவை வேகமாக ஓடினால் மட்டும் சாதனை ஆகாது. போகும்போது ஒரு ஓட்டம்; எதிர்த்திசையில் திரும்பி வரும்போது ஒரு ஓட்டம். இரண்டின் சராசரியே கணக்கு. அதாவது, எஞ்சின் இரண்டு தடவையும் உடையாமல் தாங்கவேண்டும்.

1962-ம் ஆண்டு மணிக்கு 178.95 மைல். அப்போது மன்ரோவின் வயது 63. அது உலக சாதனை. 1966-ல் வேறு ஒரு பிரிவில் 168.07 மைல். 1967-ல் 183.59 மைல். ஆக, மூன்று உலக சாதனைகள்!

1967-ல் தகுதி ஓட்டம் ஒன்றில் அவரது வேகம் 190.07 மைல். அது ஒரு திசை ஓட்டம் என்பதால் சாதனைக் கணக்கில் சேரவில்லை.

மயிரிழையில் தப்பினார்

அந்த ஆண்டில் நேர்ந்த ஆபத்து ஒன்றை மன்ரோ பிற்பாடு சொல்லி இருக்கிறார்.

பாதித் தூரம் போனபோது வண்டி பாம்புபோல நெளியத் தொடங்கியது. வேகத்தைக் குறைப்பதற்காக, படுத்திருந்தவர் தலையைத் தூக்கி நிமிர்ந்தார். எதிர்க்காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கண் தெரியவில்லை. பாதையை விட்டு விலகிய வண்டி, தரையில் நட்டிருந்த இரும்புக் கம்பத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. கடைசியில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். சிராய்ப்புக் காயத்தோடு எழுந்தார்.

கடைசி நாட்கள்

1977-ம் ஆண்டு மன்ரோவுக்குப் பக்கவாதம் தாக்கியது. கை கால்கள் முன்போல ஒத்துழைக்கவில்லை. இனி ஓட்ட முடியாது என்று உணர்ந்தார். ஆனாலும், வண்டிகள் தம் ஊர்ப் பக்கத்தை விட்டுப் போகக்கூடாது என்பது அவர் விருப்பம். ஆகவே, இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் உள்ளூர் ஹேஸ் குடும்பத்தாரிடம் விற்றார்.

1978-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி மன்ரோ காலமானார். வயது 78.

2005-ம் ஆண்டு அவருடைய கதை சினிமாப் படமாக வந்தது. ஆன்டனி ஹாப்கின்ஸ் மன்ரோவாக நடித்தார். இன்வர்கார்கில் ஊர் அறிந்த மனிதரை உலகம் அறிந்தது.

மகன் கண்ட தவறு

கதை அதோடு முடியவில்லை.

1967-ம் ஆண்டு சாதனையின் கணக்கை மன்ரோவின் மகன் ஜான் திரும்பவும் போட்டுப் பார்த்தார். சராசரி கணக்கிட்டதில் தவறு இருப்பது தெரிந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அதை ஒப்புக்கொண்டது. 2014-ம் ஆண்டு, மன்ரோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு, அவரது சாதனை 183.59 மைல் அல்ல, 184.087 மைல் என்று திருத்தப்பட்டது.

கூடியது அரை மைல்தான். ஆனால், அந்த அரை மைலுக்காக மன்ரோ எத்தனை பிஸ்டன்களை வார்த்திருப்பார்! எத்தனை இரவுகள் கண் விழித்திருப்பார்! தகப்பனார் உழைப்பில் ஒரு துளியும் கணக்கில் விட்டுப்போகாமல் மகன் மீட்டுக் கொடுத்தார்.

மன்ரோவின் மோட்டார் சைக்கிளை இன்வர்கார்கிலில் உள்ள ஹேஸ் கடையில் இன்றும் பார்க்கலாம். அது சுத்தியலும் அரமும், நட்டும் போல்ட்டும் விற்கும் இரும்புக் கடை!