உழவாரம் ஏந்திய கை

எங்கள் ஊர்க் கோயிலில் சமயக் குரவர் நால்வரின் சிலைகள் வரிசையாக இருக்கும். சிறுவயதில் அவர்களுள் ஒருவரை மட்டுமே என்னால் உடனே அடையாளம் காட்ட முடிந்தது. தோளில் நீண்ட பிடியுள்ள ஒரு கருவியைச் சாய்த்துக்கொண்டு நிற்பவர் அவர். அதை மண்வெட்டி என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். அதன் பெயர் உழவாரம் என்றும், புல் செதுக்கப் பயன்படுவது என்றும் பாட்டிதான் சொன்னார். மாணிக்கவாசகர் கையில் ஏட்டுச்சுவடி இருக்கிறது. அதேபோல் ஆயிரக்கணக்கில் பாடிய திருநாவுக்கரசர் கையில் மட்டும் ஏன் புல் செதுக்கும் கருவி? அன்று பாட்டியிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

கேட்கத் தோன்றியது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயிலும்போது. அவ்வாண்டு என் தந்தையார் காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும், இறைவனை நம்பு, இருப்பதற்கு நன்றி சொல் என்றே ஆறுதல் கூறினார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் எதற்கு நன்றி சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த விடுமுறையில் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் வரலாற்றை உரையோடு படித்தேன். ஆறுதல் தேடிப் படித்தேன் என்று சொன்னால் பொய்யாகும். வீட்டில் அந்த நூல் இருந்தது, அவ்வளவுதான்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார், மாதினியார் இணையருக்குப் பிறந்தவர் அவர். இயற்பெயர் மருணீக்கியார். மூத்தவர் திலகவதியார். திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதானபோது கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசி முடிக்கிறார்கள். மன்னன் ஆணைப்படி கலிப்பகையார் வடக்கே போருக்குப் போகிறார். அந்த இடைவெளியில் புகழனார் நோயுற்று இறக்கிறார், மாதினியாரும் கணவரோடு உயிர் துறக்கிறார். பின்னாலேயே, கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார் என்ற செய்தி வருகிறது. மணம் பேசியவருக்கே தம் உயிர் உரியது என்று திலகவதியார் சாகத் துணிகிறார். சிறுவனான மருணீக்கியார் அக்காவின் காலில் விழுந்து, நீங்கள் போனால் உங்களுக்கு முன் நான் போவேன் என்று அழுகிறார். தம்பிக்காக அக்கா உயிரோடிருக்க இசைகிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அப்பரின் பக்தி வரலாறு என்று நினைத்து எடுத்தது, இரண்டு அனாதைப் பிள்ளைகளின் கதையாகத் தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வளர்ந்த மருணீக்கியார் தம் பொருளைக் கொண்டு தண்ணீர்ப் பந்தல் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் தோண்டினார். ஆனாலும் மனம் அடங்கவில்லை. இளமையும் செல்வமும் நில்லா என்பதைக் கண்கூடாகக் கண்டவர் அல்லவா? விடை தேடிப் பாடலிபுத்திரம் போய்ச் சமண சமயத்தில் சேர்ந்தார். இப்பாடலிபுத்திரம் வடநாட்டு நகரம் அன்று, இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர். அங்கே சமண நூல்களைக் கசடறக் கற்றுத் தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைமை பெற்றார். நம் மேடைகளில் இப்பகுதியை அவர் வழிதவறிய காலம் என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலடியாரையும் சீவக சிந்தாமணியையும் தமிழுக்குத் தந்தவர்கள் சமணர்கள். பிற்காலத்தில் அவர் பெற்ற சொல்வளத்தில் அந்தப் பள்ளிக்கும் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன்.

தம்பி போனபின் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் தங்கி, விடியுமுன் எழுந்து கோயிலை அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்து வாழ்ந்தார். ஒருநாள் தருமசேனருக்குச் சூலை நோய் கண்டது. குடலைப் பிடுங்கும் வயிற்றுவலி. சமணர்கள் அறிந்த மந்திரமெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டார்கள். சமையற்காரன் மூலம் அக்காவுக்குச் செய்தி அனுப்பினார். சமணப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று அக்கா மறுத்துவிட்டார். எனவே இரவோடிரவாக, வெள்ளாடை உடுத்து, தருமசேனர் திருவதிகைக்கு வந்து அக்காவின் காலில் மீண்டும் விழுந்தார். சிறுவனாக விழுந்ததற்கும் இதற்கும் இடையே எத்தனையோ ஆண்டுகள். அக்கா ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்து, விடியுமுன் தாம் அலகிடப் போகும்போது கூடவே அழைத்துச் சென்றார். அங்கே அவர் பாடினார், வலி நீங்கியது. நாவுக்கரசு என்ற பெயரும் அங்கேதான் கிடைத்தது.

அறுபத்து மூவர் பட்டியலில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். திலகவதியார் அதில் இல்லை. இது எனக்குள்ள ஒரு சிறிய மனக்குறை. துடைப்பம் அவர் கையில் முதலில் இருந்தது. தம்பி உழவாரம் எடுத்தது அதைப் பார்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

அடுத்து வருபவை நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டவை. சினமுற்ற பல்லவ மன்னன் அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான், நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான். எல்லாவற்றிலும் பிழைத்தார். இம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவன் பிற சமயத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியதைத் திருச்சி மலைக்குகைக் கல்வெட்டு குறிப்பிடுவதாகக் கொள்வர். அப்பர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் எழுதியது 12-ஆம் நூற்றாண்டு. இடையே 500 ஆண்டுகள். கல் மிதந்ததா என்று விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. மன்னன் ஆள்விட்டு அழைத்தபோது, வரமாட்டேன், நான் யாருக்கும் குடியல்லேன் என்ற பொருளில் பாடி நின்றார் என்பதே என்னை வியக்க வைத்தது. மனநிறைவு என்றால் வாய் பொத்தி, தலை குனிந்து இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவர் நிறைவோடு இருந்ததால்தான் மன்னனிடம் பெறவும் இழக்கவும் ஒன்றுமில்லாமல் பேச முடிந்தது.

அதன்பின் ஊர் ஊராக நடந்தார். போகும் கோயிலிலெல்லாம் புல் செதுக்கினார், பாடினார். சீகாழியில் சிறுவரான சம்பந்தர் அவரை அப்பரே என்று அழைக்க, அப்பெயர் நிலைத்தது. பிற்பாடு திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் சிவிகையில் வந்தபோது, கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து அந்தச் சிவிகையைச் சுமந்தவர்களில் இவரும் ஒருவர். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து குரல் வந்தது. சம்பந்தர் பதறிக் குதித்து இறங்கினாராம். பேரன் வயதுப் பிள்ளையின் பல்லக்கைத் தூக்குவதில் அம்முதியவருக்கு இருந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆனால் அவரும் கலங்கியதுண்டு. திருமறைக்காட்டில் மூடிக்கிடந்த கதவு திறக்க அவர் நெடுநேரம் பாட வேண்டியிருந்தது. அதை மூடச் சம்பந்தர் பாடியபோது உடனே மூடிக்கொண்டது. என் பாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம், இறைவன் திருவுள்ளத்தை நான் அறியவில்லையோ என்று வருந்தியபடியே அன்றிரவு படுத்தார். இப்பகுதியைச் சேக்கிழார் மறைக்காமல் வைத்ததற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நம்பிக்கை உள்ளவருக்கும் தூக்கம் வராத இரவு உண்டு என்று யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த கதையும் இருக்கிறது. அடியார்களுக்கு அமுதிட இருவருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசு கிடைத்தது. சம்பந்தரின் காசை மாற்ற வாசி, அதாவது வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் அவர் மடத்தில் உணவு தாமதமாயிற்று. அப்பரின் காசுக்கு வாசி இல்லை. அவர் கையால் தொண்டு செய்தவர் என்பது சேக்கிழார் தரும் காரணம். ஆயினும் அந்தக் காசு முழுவதும் ஊராரின் சோற்றுக்கே போயிற்று. அவர் கேட்டதும் கிடைத்ததும் அன்றன்றைக்கு ஆனதுதான்.

முதுமையில் கயிலை காணப் புறப்பட்டார். நடந்து பாதம் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார். அதுவும் இயலாமல் மார்பால் ஊர்ந்தார், புரண்டார். ஒரு முனிவர் தோன்றித் திரும்பிப் போகச் சொன்னார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே பிடியோடு வரும் களிற்றையும், இணை இணையாக வரும் பிற உயிர்களையும் கண்டு, அவற்றிலேயே அம்மையப்பரைக் கண்டதாகப் பாடினார். கேட்டது மலை, கிடைத்தது காவிரிக்கரை. அவர் ஏமாற்றம் அடையவில்லை.

இறுதியாகத் திருப்புகலூர். அங்கே முற்றத்தில் அவர் புல் செதுக்குமிடத்தில் பொன்னும் மணியும் கிடக்குமாறு இறைவன் செய்தான். அப்பருக்கு அவை பருக்கைக் கற்களிலிருந்து வேறாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் பார்த்தார்கள். அவர் வேலையை நிறுத்தவில்லை. தம் 81-ஆம் வயதில், சித்திரைச் சதயத்தில், அவ்வூரிலேயே இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

தந்தையாரின் முதலாமாண்டு நினைவுநாள் கழிந்து வந்த சித்திரையில் எங்கள் கோயிலில் அப்பர் குருபூசை நடந்தது. அதற்கு முதல்நாள் காலை வளாகத்தைத் துப்புரவு செய்யப் போனோம். பாட்டியும் வந்திருந்தார். கல்பாவிய தரை என்பதால் செதுக்கப் புல் அதிகமில்லை. சுவரோரம் முளைத்திருந்ததைக் கையால் பிடுங்கினேன். பாட்டி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நால்வர் இருந்த பக்கம் போனார்.