தந்தி வலை விரித்த பெரியார்

இராசிபுரத்துப் பட்டுச் சேலையின் அழகைப் புகழ்வோர் பலர். தறியில் இழையறாது பாவு பிணைத்தவரை நினைப்போர் சிலரே. அவ்வாறே, புதுக் கருவி கண்டவரை உலகம் போற்றும். அதனை நாடெங்கும் நிறுவி வழுவாது இயங்கச் செய்தவரை மறந்துவிடும். இந்திய நாட்டில் மின்சாரத் தந்தியைப் பரப்பிய ஸர் வில்லியம் புரூக் ஓஷானஸி அங்ஙனம் மறக்கப்பட்ட பெரியாருள் ஒருவர்.

இவர் 1809-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்து லிமரிக் நகரிற் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். வாந்திபேதி கண்டாரது இரத்தத்தில் நீரும் உப்பும் குறைதலை ஆராய்ந்து வெளியிட்டு, இளமையிலேயே புகழ்பெற்றார். 1833-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராய்க் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் ஆங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இரசாயன ஆசிரியராக அமர்ந்தார்.

1839-இல் கல்கத்தாவை அடுத்த தாவரத் தோட்டத்தில் மூங்கில் நட்டுக் கம்பி கட்டிச் செய்தி அனுப்பிக் காட்டினார். அரசாங்கத்தார் அதனைப் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தார். டல்ஹௌஸி பிரபுவின் ஆதரவால், 1851-இல் கல்கத்தாவிலிருந்து டயமண்டு துறைமுகம் வரை தந்தி ஓடிற்று. மறு ஆண்டில் தந்தி இலாகாவின் தலைவராயினார்.

1853 நவம்பரில் நெடுவழிப் பணி தொடங்கியது. 1854 மார்ச்சில், ஏறக்குறைய 800 மைல் தொலைவிலுள்ள ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி வந்தது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் தந்தியடிக்கலாயினர். 1856 தொடக்கத்தில், சிந்து நதிக்கரை, பம்பாய், சென்னை ஆகியவற்றை இணைத்து ஏறத்தாழ 4,000 மைல் கம்பி நின்றது. அவ்வாண்டிலேயே ஸர் பட்டமும் பெற்றார்.

இஃது எவ்வாறு இயன்றது? மேனாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடாமல், நாட்டின் இயல்பறிந்து அவர் செயலாற்றினார். புயலுக்கும் குரங்குகளுக்கும் மெல்லிய கம்பி தாங்காதெனக் கண்டு, தொடக்க வழிகளில் தடித்த இரும்புக் கோல்களை அமைத்தார். தென்னாட்டில் பல மைல்களுக்குக் கருங்கல் தூண்களே கம்பியைத் தாங்கின. சிவச்சந்திர நந்தி என்னும் வங்காளியாரைப் பழக்கிப் பெரும்பொறுப்பு அளித்தார். அந்நந்தியார் பின்னாளில் மீன்படகுகளைக் கொண்டு பத்மா நதியின் குறுக்கே கம்பியிட்டார். தாம் அமைத்த ஊசிக் கருவியினும் மோர்ஸ் கருவி சிறந்ததென உணர்ந்ததும், தம்முடையதைக் கைவிட ஓஷானஸி தயங்கவில்லை.

ஆயினும் ஒன்று கூறாமல் விடலாகாது. 1857-இல் விடுதலை வேண்டி எழுந்தோரை அடக்க ஆங்கிலேயருக்கு இத்தந்தியே துணைநின்றது. அதனாலேயே கிளர்ந்தோர் கம்பிகளை அறுத்தெறிந்தனர். வலை எத்துணைச் சிறப்புடையதாயினும், அதனைப் பிடித்திருக்கும் கைக்கே ஏவல் செய்யும்.

ஓஷானஸி 1889-இல் இங்கிலாந்தில் மறைந்தார். நம் நாட்டில் பொதுமக்களுக்கான தந்தியும் 2013 ஜூலையில் முடிவுற்றது. இன்று கணினிகளைப் பிணைக்கும் பெருவலைகள் உலகைச் சூழ்ந்துள்ளன. அவற்றை அமைத்து நடத்தும் பணியை நம் இளைஞர் பலர் நாடுகின்றனர். பொறுமை, இடமறிதல், பிறரைப் பழக்குதல், தம் படைப்பிற் பற்றின்மை ஆகிய நான்கையும் இப்பெரியாரிடம் அவர்கள் கற்பாராக. அவ்வலை யாருக்குப் பயன்படுகின்றது என்னும் வினாவை மட்டும் தம் மனச்சான்றிடம் கேட்பாராக.