எழுதத் தெரியாதவர் 115 நாவல்கள் தந்தது எப்படி? - வை.மு. கோதைநாயகியின் கதை

தமிழில் பேச வரும். ஆனா எழுதச் சொன்னா கை அப்படியே நின்னுடும். உங்களுக்கும் அப்படித்தானா?

அப்படியென்றால் இவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் கதை மனத்தில் உருவானபோது அதைத் தாளில் எழுத அவருக்குத் தெரியாது. பிறகு அவரே ஒரு மாத இதழுக்கு ஆசிரியரானார். அதைச் சுமார் 35 ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார்.

அவர் பெயர் வை.மு. கோதைநாயகி அம்மாள். இதழின் பெயர் 'ஜகன்மோகினி'.

ஐந்து வயதில் கல்யாணம்

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பிறந்தார். சின்னக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். உறவினர்கள் அவரை வளர்த்தனர்.

1907இல் அவருக்குத் திருமணம் நடந்தது. அப்போது வயது ஐந்தரை! இன்று அந்த வயதில் பிள்ளைகள் பாலர் பள்ளியில் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது. பெண்களுக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற சட்டம் 1929இல்தான் வந்தது.

கணவர் பார்த்தசாரதியின் குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வைணவக் குடும்பம். பெயருக்கு முன்னால் இருக்கும் வை.மு. என்ன என்று கேட்கிறீர்களா? 'வைத்தமாநிதி முடும்பை' என்ற குடும்பப் பெயரின் சுருக்கம் அது.

கோதைநாயகி பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில்தான் பாடல்களையும் கதைகளையும் கற்றுக்கொண்டார். கேட்டதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் புதுப்புதுக் கதைகள் சொல்வார். கணவர் அவரை நாடகம் பார்க்க அழைத்துச் செல்வது வழக்கம். மேடையில் பார்த்ததெல்லாம் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் சொன்னார், தோழி எழுதினார்

ஒரு நாடகத்தை உருவாக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. கதை மனத்தில் தயார். ஆனால் எழுத வரவில்லையே, என்ன செய்வது?

பட்டம்மாள் என்ற தோழி உதவிக்கு வந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'இந்திர மோகனா' என்ற நாடகம் அப்படித்தான் பிறந்தது. 1924ஆம் ஆண்டு வாக்கில் அது புத்தகமாகவும் வந்தது. அதன் பிறகுதான் கோதைநாயகி எழுதவே நன்றாகப் பழகிக்கொண்டார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எழுத வராது என்று அவர் அன்று விட்டிருந்தால் நமக்கு அந்த நாடகமும் இல்லை, பின்னால் வந்த நாவல்களும் இல்லை.

நின்றுபோன இதழை வாங்கினார்

அடுத்த ஆண்டே பெரிய முடிவு ஒன்றை எடுத்தார். நடத்த முடியாமல் நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925இல் அவரும் கணவரும் வாங்கினர். கோதைநாயகி ஆசிரியரானார். 'வைதேகி' என்ற அவருடைய முதல் நாவல் அதில் தொடராக வந்தது.

அது ஏன் பெரிய முடிவு? அப்போது பத்திரிகை உலகம் பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்தது. பெண் ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வசதியான குடும்பத்துப் பெண் கதை எழுதுவதையே பலர் ஏற்கவில்லை. பெயர் போட்டு இதழ் நடத்தினால் சும்மா விடுவார்களா? உறவினர்களும் ஊராரும் ஏசினர், கேலி செய்தனர். கணவர் மட்டும் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார்.

கோதைநாயகி தம் கதைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மற்றப் பெண்களையும் எழுதச் சொல்லி அவர்களுடைய படைப்புகளை வெளியிட்டார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குத் தன் பெயர் அச்சில் வந்தால் எப்படி இருந்திருக்கும்? அனுப்பினால் படித்துப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார், அவரும் நம்மைப் போல வீட்டுக்குள் வளர்ந்தவர்தான் என்ற நம்பிக்கை அது.

சிறைக்குப் போன ஆசிரியர்

1925ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. சென்னைக்கு வந்த காந்தியை அவர் சந்தித்தார். அதற்குப் பிறகு பட்டும் நகையும் போயின. கதர்ச் சேலைக்கு மாறினார். மேடைகளில் பேசினார். நல்ல குரல் வளம் இருந்ததால் பாடவும் செய்தார்.

1930களின் தொடக்கத்தில் அந்நியத் துணிகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தில் இறங்கிக் கைதானார். சில மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். இதழ் என்ன ஆனது? கணவர் பொறுப்பேற்று அதை நடத்தினார். கோதைநாயகி சிறையிலும் எழுதுவதை விடவில்லை.

கதைகளில் என்ன இருந்தது?

குழந்தைத் திருமணம், விதவைகள் பட்ட துன்பம், வரதட்சணை, குடிப்பழக்கம். அவர் எழுதியவை பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்த பிரச்சினைகள். ஐந்து வயதில் மணமான ஒருவர் குழந்தைத் திருமணத்தைப் பற்றி எழுதினால் அதற்குத் தனி எடை உண்டு, இல்லையா? துப்பறியும் கதைகளும் எழுதினார்.

சினிமாவும் அவரைத் தேடி வந்தது. 'ராஜமோகன்' 1937இலும் 'அநாதைப் பெண்' 1938இலும் படங்களாக வந்தன. பத்மினி நடித்த 'சித்தி' (1966) உங்கள் பாட்டிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்! அது கோதைநாயகியின் 'தயாநிதி' நாவலிலிருந்து வந்த படம். ஆனால் அது திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பிறகு ஏன் மறந்தோம்?

1956இல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து கோதைநாயகி மீளவில்லை. உடல்நலமும் கெட்டது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி அவர் காலமானார்.

இலக்கிய வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. அவருடைய நாவல்களில் அறிவுரை அதிகம், கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன என்ற குறைகள் உண்டு. அவற்றில் உண்மையும் இருக்கிறது. மாதம் தவறாமல் பக்கங்களை நிரப்ப வேண்டிய ஒருவரின் எழுத்து எப்போதும் ஒரே தரத்தில் இருக்காது.

ஆனால் ஓர் இதழை எடைபோட ஆசிரியரின் நாவல்கள் மட்டும் போதுமா? அது யாருக்கெல்லாம் இடம் கொடுத்தது என்பதும் கணக்கில் வர வேண்டும். அந்தக் கணக்கில் 'ஜகன்மோகினி' நிச்சயம் தேறும்.

இப்போது நமக்கு அச்சகம் வேண்டாம், ஊராரின் அனுமதியும் வேண்டாம். கைத்தொலைபேசி போதும். எழுத்துப் பிழை வருமோ என்ற பயம் மட்டும் பாக்கி. அந்தப் பயம் வரும்போது திருவல்லிக்கேணி வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு தோழிகளை நினைச்சுக்குங்க. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் எழுதுகிறார்.

உங்களுக்குக் கதை சொல்ல வருமா? எழுதிக் கொடுக்க ஒரு தோழியைப் பிடிங்க. எழுத வருமா? அப்போ கதை சொல்லத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் போய் உட்காருங்க. முதல் ஆள் உங்கள் பாட்டியாகவே இருக்கலாம்.