அரைமண்டியைப் பள்ளிப் பாடமாக்கியவர்: ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல்

எமது கல்லூரியில் நடனத்தை அழகியற் பாடமாக எடுத்தவர்கள் இன்று ரொறொன்ரோவில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும், தட்டடவு என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் முழங்கால் நினைவுக்கு வரும். அதன் பின்னர்தான் ஆசிரியையின் தட்டுக்கழிச் சத்தம். அலுவலகத்தார் பிள்ளையும் கடற்றொழிலாளர் பிள்ளையும் ஒரே வரிசையில் அரைமண்டியில் நிற்பது எமக்குச் சாதாரண காட்சி. எமது பாட்டிமார் காலத்திலோ குடும்பத்துப் பெண் சதங்கை கட்டுவது பேச்சுக்கே இடமில்லாத காரியம். அந்த மாற்றத்தில் பெரும் பங்கு கொண்ட ஒருவரின் வாழ்க்கையை இந்நூற்றாண்டு மலரில் எழுதுவது பொருத்தமெனக் கருதினோம்.

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியியலாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு குடும்பத்துடன் சென்னை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தவர். அச்சபையைச் சேர்ந்த ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேலை 1920இல் ருக்மிணி மணந்தபோது அவருக்கு வயது பதினாறு. மணமகன் நாற்பதைக் கடந்தவர். சென்னைப் பட்டினமே கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பைத் தாங்கிக்கொண்டவருக்குப் பின்னால் வந்த எதிர்ப்புகள் பெரிதாகத் தோன்றியிரா.

கணவருடன் உலகைச் சுற்றிய காலத்தில் ருஷ்ய பலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்புக் கிடைத்தது. அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பலே பயின்றார். தம் நாட்டுக் கலையைத் தேடிப் பார்க்கும்படி தூண்டியவரும் பாவ்லோவாதான். 1933இல் சென்னை மியூசிக் அக்கடமியில் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணவியர் ஆடிய சதிரைக் கண்டதும் தேடிய பொருள் வீட்டு வாசலிலேயே இருந்தது தெரிந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் தஞ்சை நால்வர் வழிவந்த மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் அடையாற்றில் அரங்கேறியபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. ஏழு வயதில் தொடங்கவேண்டிய பயிற்சியை முப்பதை அண்டித் தொடங்கியவர் அவர். சிறு பிள்ளை பார்த்தபடியே செய்துவிடும். வளர்ந்தவரோ கால் ஏன் வழுக்குகிறது, முதுகு ஏன் வளைகிறது என்று கேட்டுக் கேட்டே பழகவேண்டும். அவர் பின்னர் சிறந்த ஆசிரியையாக விளங்கியதற்கு இதுவே காரணமென்பது எமது எண்ணம்.

1936இல் அவர் தொடங்கிய நிலையமே கலாக்ஷேத்திரா. அங்கே முதற்பாடம் நிற்பது. பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முழங்கால்கள் அதே திசையில் மடிய, முதுகு நிமிர்ந்து, முழங்கைகள் தோள்மட்டத்தில் நிற்கவேண்டும். எமது உட்துறைமுகத்தில் தோணியில் நின்று வலை இழுப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அவர் முழங்காலை மடித்தே நிற்பார். நிமிர்ந்து விறைத்தால் அடுத்த அலை அவரைக் கடலில் தள்ளிவிடும். உடலின் பாரம் தாழ்ந்து இரண்டு பாதங்களுக்கும் நடுவே இறங்கினால்தான் மேலுடல் விடுதலை பெறும். நாட்டடவில் ஒரு காலை நீட்டிக் குதிக்காலை ஊன்றும்போது, ஊன்றி நிற்கும் கால் அரைமண்டியை விட்டு எழும்பக் கூடாது. தலை மேலும் கீழும் ஆடினால் பாரம் இடம் மாறிவிட்டதென்று ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். முதற்காலத்தில் நிலைத்தால் இரண்டாங்காலம்; அதிலும் நிலைத்தால் மூன்றாங்காலம். அவசரப்பட்டு மூன்றாங்காலத்துக்கு ஓடியவர்கள் எங்கே விழுந்தார்கள் என்பது எமது வகுப்புத் தோழியருக்கு நன்றாகத் தெரியும்!

அடவுகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல, குருமாரின் சொத்து. அவற்றை வகுப்பறைக்கு ஏற்றவாறு ஒழுங்குபடுத்தி, பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பழகினாலும் கோடு பிசகாதபடி வைத்தது கலாக்ஷேத்திரா. நட்டுவனார்கள் நிலையத்தை விட்டு நீங்கியபோது, பெரும்பாலும் ஆண்களே பிடித்துவந்த தாளத்தை அவர் தாமே கையிலெடுத்தார். மாணவியரையும் நட்டுவாங்கத்துக்குப் பழக்கினார். எமக்குத் தட்டுக்கழி பிடித்த ஆசிரியைமாரை நினைக்கும்போது இதன் பெறுமதி விளங்கும்.

ஆட்டத்தை அமைக்கும் கலைக்கு வருவோம். சதிரில் ஒருத்தியே நாயகி, தோழி, இறைவன் எல்லாம். வாத்தியக்காரர் பின்னால் நின்று அவளோடு முன்னும் பின்னும் நகர்வர். ருக்மிணி தேவி அவர்களை மேடையின் பக்கத்தில் அமர்த்தி, நடுவிடம் முழுவதையும் ஆட்டத்துக்கு விட்டார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எமது துறைமுகத்தில் யப்பானியக் குண்டுகள் விழுந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், போர் ஓயுமுன்பே, 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். ஒரே அடவைப் பலருக்குப் பங்கிடுவது, ஒருத்தி ஆடும்போது மற்றவர்கள் அசையாது நிற்பது, பாத்திரத்தின் நடையோடு உள்ளே வருவது, அதே நடையோடு வெளியேறுவது ஆகியவை மாணவியர் இத்தகைய நாடகங்களில் ஆடியே கற்றவை. வீர பாத்திரங்களுக்கு உரம் சேர்க்கக் கதகளி ஆசிரியர் சந்து பணிக்கரையும் வைத்திருந்தார். 1955 தொடக்கம் 1970 வரை இராமாயணத்தை ஆறு நாடகங்களாக அமைத்தார். மைசூர் வாசுதேவாச்சாரியார் தொடங்கிய அதன் இசையை, அவர் மறைந்தபின் பேரன் இராஜாராம் நிறைவுசெய்தார்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாட்டிய நாடகம் பழகிய எம்மவர்க்கு இந்த வேலையின் சிரமம் தெரியும். உயரமான பிள்ளைக்கு எப்போதும் சிவன் வேடம். குள்ளமான பிள்ளைகள் மான்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடவேண்டுமென்று பெற்றோர் விரும்புவர். அசையாது நிற்கும் பிள்ளையும் ஆட்டத்தின் பகுதியே என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

புகழ்ச்சியோடு மட்டும் நிறுத்துவது நேர்மையன்று. சதிரிலிருந்த சிருங்காரத்தை அவர் பெருமளவு குறைத்தார். அதையே கலையின் உயிராகக் கொண்ட பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இக்கலையைக் காத்த இசைவேளாளர் குலப் பெண்கள் மேடையிலிருந்து மெல்ல மறைய, அந்த இடத்துக்கு எம்மைப் போன்றோர் வந்தோம். கதவு எமக்குத் திறந்தபோது அவர்களுக்கு அடைபட்டது. கௌரி அம்மாளைக் கலாக்ஷேத்திராவில் அபிநயம் கற்பிக்க அழைத்தவரும் ருக்மிணி தேவிதான் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். கணக்கு இரண்டு பக்கமும் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் அவருடைய முயற்சியால் வந்தது. 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி மொரார்ஜி தேசாய் கேட்டபோது மறுத்துவிட்டார். திருவான்மியூரில் மரங்களை நட்டு வளர்த்த வளாகமே அவருக்குப் போதுமாயிருந்தது. 1986 பெப்ரவரி 24இல் காலமானார். 1993இல் இந்தியப் பாராளுமன்றம் கலாக்ஷேத்திராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

அங்கே பயின்று திரும்பிய ஆசிரியைமார் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வகுப்புகள் தொடங்க, அவர்களுடைய மாணவியர் வழியாக அந்த நிற்கும் முறை கிழக்குக்கும் வந்தது. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்கு நாம் மனனம் செய்த அபிநய தர்ப்பணத்தை 1917இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி என்பதையும் இளைய தங்கைமார் அறிந்திருப்பது நல்லது. வாய்மொழிப் பரீட்சையில் கேட்டாலும் கேட்பார்கள்.